யாழ்ப்பாணத்திலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: மலை ஏறிப் பழகாதவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்களிடம் ஹோட்டன் சமவெளி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்லும் பதில், "அங்கை ஒண்டும் இல்லை, ஒரே பனிப்புகார்." அவர்கள் பொய் சொல்லவில்லை. இரவிரவாக பஸ் ஓடி, காலையில் சீதையம்மன் கோயிலும் ஹக்கல பூங்காவும் பார்த்து, பகல் 11 மணிக்கு வாசலில் இறங்கி, வீட்டுச் செருப்போடு உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு வரை அரக்கப்பரக்க நடந்து, வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும் புகாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வேறு எதைத்தான் சொல்வது? நானும் முதல் தடவை அப்படித்தான் போய் வந்தேன். இரண்டாம் தடவை விடியும் முன்னரே போய் நின்றபோதுதான், போன தடவை எதையெல்லாம் தவறவிட்டோம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரத்தில் கிடக்கும் புல்வெளியும் காடும். பரப்பு 3,160 ஹெக்டேயர். சிங்களத்தில் மஹ எலிய தென்ன என்பார்கள். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளைக்காரர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. 1960களில் இங்கே உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள், 2010இல் மத்திய மலைநாடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. வில்பத்துவிலோ யாலவிலோ நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. இங்கே நடந்துதான் பார்க்க வேண்டும், அதுதான் இதன் அருமை.

இன்னொன்றும் இருக்கிறது, அது எங்களுக்கு என்றே ஒரு காரணம். நாங்கள் ஆறில்லாத ஊர்க்காரர். வழுக்கையாற்றில் மாரியில் மட்டும் தண்ணீர் ஓடும், மற்றபடி கிணறுதான். சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைத் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் ஊற்றுகள் இந்தச் சமவெளியில் இருக்கின்றன. புகாரை மரங்களே பிடித்து, பாசியில் ஊறவைத்து, சொட்டுச் சொட்டாக நிலத்துக்குள் விடுகின்றன. அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். இதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்வேன்.

எப்போது போவது

தைப்பொங்கல் முடிந்து, வாடை ஓய்ந்த பிறகு போங்கள். தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரைக்கும்தான் வானம் தெளிவாக இருக்கும். எங்களுக்குச் சோளகம் அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் அங்கே மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும், நிமிர்ந்து நடப்பதே பாடு. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலும் மழை, மலையிலும் மழை, மண்சரிவுப் பயமும் உண்டு. அந்த மாதங்களில் போக வேண்டாம்.

தை, மாசியில் போவதானால் குளிரைக் குறைத்து எண்ணிவிடாதீர்கள். அந்தச் சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியஸ்தான். மாசி மாத விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், காலால் மிதித்தால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர் பார்க்கக் கிடைக்கிற காட்சி அல்ல அது.

போயா நாள், நீண்ட வார இறுதி, பாடசாலை விடுமுறை, சித்திரையில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம், இவை எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு கிழமை நாளில் போனால் பாதை ஏறக்குறைய உங்களுடையதுதான்.

எப்படிப் போவது

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறக்குறைய இன்னும் 75 கிலோமீற்றர், முழுக்க வளைவு. தட்டையான வீதியில் மட்டும் ஓடிப் பழகிய வயிறு றம்பொடை வளைவுகளில் புரட்டும், அதனால் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருங்கள், ஏறுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். சொந்த வான் என்றால் சாரதி மலை வீதியில் ஓடிப் பழகியவரா என்று கட்டாயம் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாத சாரதியோடு ஒருமுறை இறங்கியபோது சில்லிலிருந்து புகை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரயிலில் போகிறவர்கள் பொல்கஹவெலவில் இறங்கி பதுளைப் பக்கம் போகும் ரயிலில் மாறலாம், கொழும்பு வரை போய்ச் சுற்றத் தேவையில்லை. நுவரெலியாவில் தங்குவதென்றால் நானுஓயாவில் இறங்குங்கள். சமவெளிக்குப் பக்கத்திலேயே தங்குவதென்றால் பட்டிப்பொல அல்லது ஒஹிய. பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். ஒன்று கவனிக்க வேண்டும்: 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் தண்டவாளங்களையும் மோசமாகச் சேதப்படுத்தியது. ரயில் எதுவரை ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று விசாரித்த பிறகே திகதியை முடிவு செய்யுங்கள்.

இரவிரவாகப் பயணம் செய்து விடியவே நேராகச் சமவெளிக்கு ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். தூக்கமில்லாத உடம்பு, பழக்கமில்லாத உயரம், குளிர், இது மூன்றும் சேர்ந்தால் அரைவழியில் தலையிடிக்கும். முதல் நாள் பயணம், அன்றிரவு நல்ல தூக்கம், இரண்டாம் நாள் காலையில் நடை, இப்படித் திட்டமிடுங்கள். குறைந்தது இரண்டு இரவு மலையில் நில்லுங்கள்.

தங்க நுவரெலியாவில் எல்லா விலைக்கும் அறை உண்டு, ஆனால் அங்கிருந்து சமவெளி 32 கிலோமீற்றர், காலை 5 மணிக்கு முன்னரே வெளிக்கிட வேண்டும். பட்டிப்பொல, ஒஹிய பக்கத்தில் வீடுகளில் அறை தருகிறார்கள். சாதாரண அறைகள்தான், ஆனால் கூடுதலாக ஒரு மணித்தியாலம் தூங்கலாம். எங்கே எடுத்தாலும் சுடுதண்ணீர் இருக்கிறதா, கம்பளி எத்தனை தருவார்கள் என்று கேட்டு எடுங்கள். குளிரூட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பழகிய நாங்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறோம். பூங்காவுக்குள்ளேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் இருக்கின்றன, அவற்றை நன்றாக முன்கூட்டியே பதிய வேண்டும்.

மொழிப் பிரச்சினை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நுவரெலியா மாவட்டம் தமிழர் நிறைந்த இடம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையக மக்கள் கடையிலும் வானிலும் விடுதியிலும் இருக்கிறார்கள். மரியாதையாக அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுக் கதையுங்கள், வீதி நிலவரமும் காலநிலையும் அவர்களைப் போல் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. என்னை இரண்டாம் தடவை கூட்டிப் போனவர் அப்படி ஒரு வான் சாரதிதான். முதல் நாள் பின்னேரம் நேரம் பேசும்போது, "ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் காணும்தானே, அண்ணை?" என்று கேட்டேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேணாம் அண்ணே, அஞ்சு மணிக்கே கெளம்பிருவோம். ஒன்பது மணிக்கு மேல அந்தப் பள்ளத்துல இருந்து பனி ஏறிடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருந்தது.

என்ன கொண்டு போவது

ஒரே தடிப்பான ஜக்கெற்றை விட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. காலை 6 மணிக்குப் பல் கிட்டும், 9 மணிக்கு வெயில் ஏறும்போது வியர்க்கும், திரும்ப ஒரு முகில் வந்தால் மறுபடி குளிரும். ஒவ்வொன்றாகக் கழற்றவும் போடவும் வசதியாக இருக்க வேண்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் விட்டுப் போன ஜக்கெற் அநேகமாக எல்லா வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கும், அதைத் தூசி தட்டி எடுங்கள். காதை மூடும் தொப்பி கட்டாயம். மெல்லிய மழை அங்கி ஒன்று, நனைந்தால் மாற்ற ஒரு சோடி காலுறை. வெயில் மெல்லியதாகத் தெரிந்தாலும் அந்த உயரத்தில் முகத்தைச் சுடும், ஆகவே விளிம்பு வைத்த தொப்பியும் வேண்டும்.

சப்பாத்து விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாதை முழுக்க வேரும் சேறும் சறுக்கும் கல்லும்தான். அடி நன்றாகப் பிடிக்கும் சப்பாத்து போடுங்கள், புதிதாக வாங்கினால் ஊரில் இரண்டு கிழமை போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். சேலையோடும் செருப்போடும் வந்த அம்மாமார் பேக்கர் நீர்வீழ்ச்சிப் படியில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லவில்லை, அதுதான் கவலை.

உடம்பையும் கொஞ்சம் தயார்ப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் மலை என்ற பெயரோடு இருப்பது கீரிமலை, அதுவும் கடற்கரை. ஏறி இறங்குகிற தசைகளுக்கு எங்கள் வாழ்க்கையில் வேலையே இல்லை. போகுமுன் ஒரு மாதம், காலையில் பண்ணைப் பாலப் பக்கம் வேகமாக ஒரு மணித்தியாலம் நடங்கள், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழக வேண்டும், ஏனென்றால் முழங்கால் நோவது இறக்கத்தில்தான். ஆஸ்த்மாவோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள், மருந்தைப் பயணப் பையில் விடாமல் சட்டைப் பையில் வையுங்கள்.

சாப்பாடு

இந்த விஷயத்தில் எங்களை விடத் தயாரான ஆட்கள் நாட்டில் இல்லை. பூங்காவுக்குள் பொலித்தீனுக்கும் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக்குக்கும் அனுமதியில்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிஸ்கற் உறை, சொப்பிங் பை, லஞ்ச் சீற் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் பேப்பரைக்கூட உரித்துவிடுவார்கள். வரிசையில் நின்று ஒவ்வொரு பிஸ்கற் பைக்கற்றாகப் பிரித்துக் கொட்டுவதில் அரை மணித்தியாலம் போய்விடும், அந்த அரை மணித்தியாலத்தில் புகார் வந்துவிடும்.

அதனால் ஊரிலிருந்தே பனையோலைப் பெட்டி இரண்டு கொண்டு போங்கள். மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இடியப்பமோ புட்டோ வாழையிலையில் வாட்டிக் கட்டி அதற்குள் வைத்தால் மதியம் வரைக்கும் ஒன்றும் ஆகாது, அந்தக் குளிரில் சம்பலும் பழுதாகாது. விடுதியில் முதல் நாளே சொல்லி வைத்தால் விடியற்காலையில் அவித்துத் தருவார்கள். வழியில் கொறிக்கப் பருத்தித்துறை வடை, சிறு தகர டப்பாவில். களைப்புக்குப் பனங்கட்டி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வாயில் ஒரு துண்டு பனங்கட்டியைப் போட்டு அடக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். எவர்சில்வர் போத்தலில் தண்ணீர், பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ. பழங்களில் வாழைப்பழம் வேண்டாம், நசிந்துவிடும், தோடம்பழம் கொண்டு போங்கள். தோலையும் வாழையிலையையும்கூட அங்கே போடக் கூடாது, திருப்பிக் கொண்டு வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு: அங்கே மரைகள் (பெரிய மான்கள்) மனிதருக்குப் பழகிவிட்டன. உப்பும் இனிப்பும் மணக்கும் உறையை அவை உறையோடு விழுங்கும். பொலித்தீன் வயிற்றில் அடைத்துச் செத்துப்போன மரைகள் இருக்கின்றன.

வாசலில்

பட்டிப்பொலப் பக்கம் ஒரு வாசல், ஒஹியப் பக்கம் ஒரு வாசல். காலை 6 மணிக்குத் திறக்கும், நீங்கள் அதற்கு முன்னரே வரிசையில் நிற்க வேண்டும். எல்லோரும் அடையாள அட்டை கொண்டு வாருங்கள். உள்நாட்டவருக்கு ரிக்கற் மலிவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் சொந்தக்காரருக்குப் பல மடங்கு, அது தமிழ் கதைத்தாலும் குறையாது, ஆகவே அவர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று தர்க்கிக்க வேண்டாம். வாகனத்துக்கும் தனியாகக் கட்டணம் உண்டு.

வாசலிலிருந்து நடை தொடங்கும் ஃபார் இன் வரை இன்னும் சில கிலோமீற்றர் வாகனத்தில் போக வேண்டும். இந்தத் துண்டில் யாரும் தூங்காதீர்கள். பாட்டை நிறுத்தி, யன்னலைத் திறந்து, மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சிறுத்தை கண்ணில் பட்டவர்களில் பலர் இந்த வீதியில், இந்த நேரத்தில்தான் கண்டிருக்கிறார்கள். நான் இன்னும் காணவில்லை. ஒருமுறை, நடைபாதை நடுவில், மரை மயிர் கலந்த அதன் எச்சத்தைக் கண்டேன், புதிது, ஆவி பறந்தது. அன்று முழுக்க யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

ஃபார் இன் வெள்ளைக்காரர் காலத்து வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள்.

நடை

சுற்றுப்பாதை மொத்தம் ஏறக்குறைய 9.5 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலத்தில் முடிக்கலாம், நான் ஐந்து எடுக்கச் சொல்வேன். ஒரு கட்டத்தில் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று சிறிய உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. காலையில் போகிறவர்கள் முதலில் உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சியைப் புகாரிலும் பார்க்கலாம், பள்ளத்தைப் பார்க்க முடியாது.

தொடக்கத்தில் வருவது புல்வெளி. எல்லோரும் இதைத்தான் வேகமாகக் கடந்து போகிறார்கள், எனக்கோ இந்த இடத்தை விட்டு நகரவே மனம் வராது. சூரியன் எழும்போது புல்லின் பனி ஒவ்வொரு பக்கமாக மினுங்கத் தொடங்கும். புல்வெளியும் காடும் சேரும் கரையை உற்றுப் பாருங்கள், மரைகள் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குள் திரும்புகிற நேரம் அது. பெரிய ஆண் மரையின் பிடரி மயிரில் பனி ஒட்டியிருப்பது தெரியும் அளவுக்குக் கிட்டே வரும். கை நீட்டாதீர்கள், பிஸ்கற் காட்டிக் கூப்பிடாதீர்கள். ஒரு காலத்தில் இதே வெளியில் யானைகளும் இருந்தன. வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். இப்போது புல் மேயும் பெரிய விலங்கு என்று மிஞ்சியிருப்பது மரைதான்.

பிறகு காட்டுக்குள் போகும் பாதை. மரங்கள் குட்டை, கொப்புகள் முறுகி, மேற்பக்கம் குடை விரித்த மாதிரித் தட்டையாக இருக்கும், காற்று அப்படி வளைத்து வளர்த்திருக்கிறது. கொப்புகளிலிருந்து சாம்பல் நிறத் தாடி மாதிரித் தொங்குவது லைக்கன், பூஞ்சணமும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வளர்வது. அடிமரத்துப் பாசியை மெல்ல ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் வரும். மகாவலி என்று நாங்கள் படத்தில் பார்த்தது இப்படித்தான் தொடங்குகிறது. பட்டுப்போய் நிற்கும் மரங்களும் நிறையக் கண்ணில் படும், காடு உச்சியிலிருந்து காய்ந்து வருவதை ஆய்வாளர்கள் பல காலமாகக் கவனித்து வருகிறார்கள்.

இங்கே மெதுவாக நடந்தால்தான் சின்ன உயிர்கள் தெரியும். மூக்கின் நுனியில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இருக்கிறது, இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இடுப்பு உயரத்தில் பாசி படிந்த கொப்பில் அசையாமல் இருக்கும். நான்காம் தடவைதான் எனக்குக் காணக் கிடைத்தது, அதுவும் கூட வந்த எட்டு வயதுப் பிள்ளைதான் காட்டியது. மஞ்சள் காதுச் சின்னான் கூட்டமாகக் கொப்புத் தாவும், காட்டுச்சேவல் பாதையிலேயே நடந்து போகும். தூரத்தில் யாரோ உறுமுகிற மாதிரிக் கேட்டால் பயப்பட வேண்டாம், அது அடர்ந்த மயிருள்ள மலைநாட்டு மந்தி. இங்கே வாழும் ஒருவகைத் தேவாங்கை 1937க்குப் பிறகு யாரும் காணாததால் அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள், 2002இல் மறுபடி தென்பட்டது. இரவு விலங்கு, எங்களுக்குக் காணக் கிடைக்காது, ஆனால் அந்த மரங்களுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறது. குறிஞ்சி இனத்தைச் சேர்ந்த நெலு என்ற செடியும் இங்கே உண்டு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயடியாகப் பூக்கும். 2013இல் அப்படிப் பூத்துக் காடே நிறம் மாறியது.

முதலில் வருவது சிறிய உலக முடிவு, ஏறக்குறைய 270 மீற்றர் பள்ளம். படம் எடுக்க இங்கேயே அதிக நேரம் செலவழிக்காமல் நடையைத் தொடருங்கள், பெரியது இன்னும் முன்னால் இருக்கிறது.

உலக முடிவு என்பது ஏறக்குறைய 870 மீற்றர் நேர்ப் பள்ளம். நன்றாக வளர்ந்த பனை ஒன்று 30 மீற்றர் வரும் என்று வைத்தால், 29 பனையை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். கீழே தேயிலைத் தோட்டமும் ஊர்களும் துணுக்குத் துணுக்காகத் தெரியும், நல்ல தெளிவான காலையில் தூரத்தில் தென்கடல்கூட ஒரு கோடு மாதிரித் தெரியும். கடலும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஊரில் வளர்ந்த கண்ணுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும். தலைசுற்றினால் இருந்துகொண்டே பாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு இப்பால் நில்லுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள், பின்பக்கமாக ஓர் அடிகூட வைக்காதீர்கள். 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். கீழே மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், எல்லோருக்கும் அப்படி ஒரு மரம் கிடைத்ததில்லை.

புகார் மூடிவிட்டால்? பொறுங்கள். பத்து நிமிடத்தில் விலகலாம், விலகாமலும் போகலாம். வந்தால் வரட்டும் என்று பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி குடியுங்கள். பள்ளத்திலிருந்து முகில் மேலே ஏறி, உங்கள் முகத்தில் பட்டு, காட்டுக்குள் நுழைவதைப் பார்ப்பதும் ஒரு காட்சிதான்.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு வரும் பாதையில் கடைசி இறக்கம் செங்குத்து. பக்கவாட்டாகக் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக இறங்குங்கள், முன்னால் போகிறவர் நின்றால் முட்டாத தூரம் விடுங்கள். நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம், 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. இங்கே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, பாறை அவ்வளவு வழுக்கும். விழுவது பெலிஹுல் ஓயா, வளவை ஆற்றோடு போய்ச் சேரும் தண்ணீர். அதன் பிறகு கடைசி ஏற்றம். களைப்பு தெரிவது இந்த இடத்தில்தான், அதனால் ஒரு துண்டு பனங்கட்டியை இதற்கென்று மிச்சம் வையுங்கள்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும்

அம்மப்பா, அம்மம்மாவைக் கூட்டிப் போகக் கூடாது என்றில்லை. முழுச் சுற்றையும் நடக்கச் சொல்லித்தான் வற்புறுத்தக் கூடாது. ஃபார் இன்னிலிருந்து புல்வெளியில் அரைக் கிலோமீற்றர் நடந்து, வெயில் படும் இடமாகப் பார்த்து இருக்கவிட்டால் மரையும் பறவையும் அவர்களிடம்தான் வரும். ஒருவர் கூட இருங்கள், மற்றவர்கள் போய் வந்த பிறகு ஆள் மாறலாம். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பாதி வழி தூக்க வேண்டி வரும், அதற்குத் தெம்பு இருந்தால் சரி. கைக்குழந்தையோடு உலக முடிவுக்குப் போக வேண்டாம்.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால்

பட்டிப்பொல வாசலுக்குக் கிட்ட, வீதியோரத்திலிருந்தே தொட்டுப்பொல மலைக்கு ஒரு பாதை ஏறுகிறது. 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரமான மலை, ஆனால் வீதியே உயரத்தில் இருப்பதால் ஏறுவது கொஞ்சத் தூரம்தான். மலை உச்சியில் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு இது நல்ல தொடக்கம். அடுத்தது கிரிகல்பொத்த, 2,388 மீற்றர், இரண்டாவது உயரம். நாட்டின் முதலாவது மலையான பிதுருதலாகல உச்சி பாதுகாப்பு வலயம் என்பதால், கால்நடையாக ஏறக்கூடிய ஆக உயர்ந்த இடம் இதுதான். ஃபார் இன் பக்கத்திலிருந்து ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 7 கிலோமீற்றர், சேறும் மூங்கில் புதருமாக இருக்கும், காலை 7 மணிக்குப் பிறகு தொடங்காதீர்கள். இரண்டு பாதைகளுக்கும் அன்றைக்கு அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டு, போகிறோம் என்று சொல்லிவிட்டே ஏறுங்கள். தனியே போகவே வேண்டாம்.

திரும்பும்போது ஒஹிய வாசலால் இறங்கினால் ரயில் நிலையம் வரை 11 கிலோமீற்றர், முழுக்க இறக்கம், காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடம் வரை பார்த்துக்கொண்டே போகலாம். நிலையத்துப் பக்கத்தில் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தால் சாப்பிடுங்கள். காலையில் வெறுமையாகிய பனையோலைப் பெட்டிக்குள் தோடம்பழத் தோலும் வாழையிலையும் இருக்கும், அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் யாழ்ப்பாணம் வந்து சேர முன்னரே பூஞ்சணம் பிடித்துவிடும்.